நோன்புக் கஞ்சியும் அப்பச் சோடாவும்

வெறும் மக்கீன் என்றால் எந்த மக்கீன் என்று கேட்பார்கள். சோடா மக்கீன் என்றால் கண்டியிலிருந்து திகனப் பக்கம் ஓடும் பஸ்காரருக்கும் தெரியும். அந்தப் பட்டம் அவருக்கு இரண்டு தடவை கிடைத்தது. முதல் தடவை அதைக் கேட்டு உள்ளூரப் பூரித்துப்போனார். இரண்டாம் தடவை கிடைத்தபோது தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

திகனவுக்குச் சற்று இப்பால் ஒரு சின்னச் சந்தியில் அவருடைய பலசரக்குக் கடை இருந்தது. நேர் எதிரே பள்ளிவாசல். மக்கீனுக்கு இளவயதிலிருந்தே நெஞ்செரிச்சல். சாப்பிட்டு எழுந்தால் புளியேப்பம் தொண்டைவரை வந்து நிற்கும். ஒருநாள் கடைக்குச் சாமான் வாங்க வந்த, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் டிஸ்பென்சர், யாழ்ப்பாணத்து மனிதர், அவர் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, அலுமாரியில் இருந்த அப்பச் சோடாவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னார். குடித்தார். எரிச்சல் அடங்கியது. மக்கீன் அத்தோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

எப்படி அடங்கியது என்று மக்கீன் கேட்டார். வயிற்றில் இருப்பது புளிப்பு, சோடா உவர்ப்பு, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சமமாகிவிடும் என்றார் டிஸ்பென்சர். வேடிக்கை காட்டப் பையிலிருந்து நீலக் கடதாசித் துண்டு ஒன்றை எடுத்து எலுமிச்சஞ் சாற்றில் தோய்த்தார். அது சிவந்தது. மக்கீன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஆசையாகக் கேட்கிறாரே என்று ஒரு கட்டுக் கடதாசியை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார் அந்தப் புண்ணியவான்.

அன்றிலிருந்து உலகத்து நோயெல்லாம் மக்கீனுக்குப் புளிப்பாகவே தெரிந்தது. முழங்கால் வலியா, புளிப்பு. தலை சுற்றலா, புளிப்பு. தூக்கம் வரவில்லையா, அதுவும் புளிப்புத்தான். கருவாடு வாங்க வந்தவர்களை நாக்கை நீட்டச் சொல்லிக் கடதாசியை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் நிறம் மாறினாலும் "பாத்தீங்களா!" என்று சோடாவை மடித்துக் கொடுத்தார். சனங்களும் வந்தார்கள். இலவச வைத்தியத்தை யார் வேண்டாம் என்பார்கள்? சோடா மக்கீன் என்று பெயர் வந்தது அப்போதுதான்.

வீட்டில் அவர் மனைவி மஸீனா பட்டதுதான் பெரும்பாடு. மீன் குழம்புக்குக் கொறுக்காய்ப்புளி போட மனிதர் விடவில்லை.

"புளி இல்லாத மீனாணத்த நீங்களே தின்னுங்க. எனக்கு இந்தச் சமநிலையும் வாணாம், ஒண்டும் வாணாம்" என்று அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

மாதக்கணக்காகச் சோடா குடித்தும் மக்கீனின் நாக்கில் வைத்த கடதாசி முன்பு காட்டிய நிறத்தைத்தான் காட்டியது. மழைக்காலத்து ஈரத்தில் கடதாசி கெட்டுவிட்டது என்று தனக்குத்தானே முடிவு சொல்லிக்கொண்டார். மறுபடி வந்த டிஸ்பென்சர் இதைக் கேட்டுச் சிரித்தார். "மக்கீன், உடம்பு தன்ரை புளிப்பையும் உவர்ப்பையும் தானே பாத்துக்கொள்ளும். நீர் அதுக்கு மினக்கெடத் தேவையில்லை. நெஞ்செரிச்சல் வந்தால் ஒரு சிட்டிகை குடியும், அவ்வளவுதான்" என்றார். மக்கீன் தலையை ஆட்டினார். காதில் வாங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு நோன்பு ஜனவரிக் குளிரில் வந்தது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது வழக்கம்போல் தாஸிம். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மற்ற மாதங்களில் கலியாண வீடுகளில் சமைத்துப் பிழைப்பவர், நோன்பு மாதத்தில் மட்டும் நன்மைக்காகப் பள்ளிக்கு வந்துவிடுவார். அவருடைய கஞ்சிக்காகப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வாளியோடு வந்து காத்து நிற்பார்கள். இத்தனைக்கும் அதை அவர் ருசி பார்ப்பதே இல்லை. நோன்போடு இருப்பவர் எப்படி நாக்கில் வைத்துப் பார்ப்பது? உப்பைக் கையால் அளப்பார், ஆவியை முகர்வார், அகப்பையிலிருந்து கஞ்சி வழிகிற வேகத்தைப் பார்ப்பார். அவ்வளவில் இறக்கிவிடுவார். அந்தக் கையை அவரும் நம்பினார், ஊரும் நம்பியது.

அந்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நோன்பு திறப்பவர்களுக்கு யாரோ ஒருவர் நேர்ச்சையாக எலுமிச்சைச் சர்பத் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மக்கீனுக்குப் பகீரென்றது. பகலெல்லாம் வெறும் வயிறு, அதன்மேல் எலுமிச்சம் புளி! ஊரே படுத்துவிடுமே என்று மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். தாஸிமிடம் போய், கஞ்சியில் கொஞ்சம் சோடா போட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்று எடுத்துச் சொன்னார்.

"மக்கீன் நானா, கஞ்சிக்கு வேண்டியதெல்லாம் போட்டு ஈக்குது. ஒங்கட மருந்த கடையில வெச்சுக்கொள்ளுங்க" என்றார் தாஸிம்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் தாஸிம் கைகால் கழுவப் போனார். "அடிப்பிடிக்காம நான் கிண்டுறன், நீங்க போங்க" என்று மக்கீன் அகப்பையை வாங்கிக்கொண்டார். சமையற்கூடத்தில் வேறு யாரும் இல்லை. மடியிலிருந்த சோடாப் பக்கட்டைப் பிரித்தார். ஒரு கரண்டி போதும் என்றுதான் முதலில் நினைத்தார். கஞ்சி கொதிக்கும் பெரிய கிடாரத்தின் அகலத்தைப் பார்த்ததும் இன்னொன்று போடலாம் என்று தோன்றியது. வரப்போகும் கூட்டத்தை நினைத்ததும் பக்கட்டையே கவிழ்த்துவிட்டார். கஞ்சி நுரைத்துப் பொங்கி அடங்கியது. கெட்டதெல்லாம் வெளியே போகிறது என்று மக்கீன் சந்தோஷப்பட்டார்.

தொழுதுவிட்டு வந்த தாஸிம் கிடாரத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கஞ்சி மஞ்சளித்து, அரிசி கூழாகக் கரைந்திருந்தது. புது அரிசி போலிருக்கிறது என்று முணுமுணுத்தார். மக்கீனோ, நோன்பு திறந்த பிறகு எல்லோர் வயிறும் குளிர்ந்ததும் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நல்ல பெயர் வாங்கக் காத்திருந்தார்.

நோன்பு திறந்தார்கள். பேரீச்சம்பழம், சர்பத், பிறகு கஞ்சி. முதல் வாய் குடித்ததும் ஆளை ஆள் பார்த்தார்கள். துணி துவைக்கும் சவர்க்காரம் கரைத்ததுபோல் இருந்தது. நோன்புக் கஞ்சியைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். வாயில் ஒட்டிய ருசி போக இன்னும் சர்பத் வாங்கிக் குடித்தார்கள். வயிற்றுக்குள் சோடாவும் எலுமிச்சையும் ஒன்றையொன்று தேடிப்பிடித்தன.

மஃரிப் தொழுகையில் ஏப்பம் மட்டும்தான். அதற்கு மார்க்கத்தில் குற்றமில்லை. இரவுத் தொழுகையில்தான் ஊர் மானம் போனது. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிச் செய்வது ஒளு. வயிற்றுக் காற்றுப் பிரிந்தால் ஒளு முறிந்துவிடும், மறுபடி செய்துகொண்டுதான் வரவேண்டும். முதல் வரிசையில் ஒருவர் நைசாக நழுவித் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். பிறகு அவர் பக்கத்தில் நின்றவர். பிறகு வரிசை வரிசையாகப் போனார்கள். போனவர் திரும்பி வருவதற்குள் வந்தவர் மறுபடி போனார். கடைசியில் முன்னின்று தொழுகை நடத்திய லெப்பையே பாதியில் நிறுத்தி, பின்னால் நின்ற ஒருவரை முன்னே இழுத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் விரைந்தார். பள்ளியில் சிரிக்கக் கூடாது என்பதால் தோள்கள் மட்டும் குலுங்கின. வயதானவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு வயிறே இளகிவிட்டிருந்தது.

தொழுகை முடிந்ததும் பள்ளி நிர்வாகம் பார்க்கும் மஹ்மூத் மத்திச்சம் தாஸிமைக் கூப்பிட்டார். கூட்டம் சூழ்ந்து நின்றது. அதில் மக்கீனும் நின்றார்.

"கிடாரத்த என்ன போட்டுக் கழுவின?"

"சலவச் சோடா போட்டுத்தான், மத்திச்சம். எப்பவும் அதுதான்."

"பொறகு நல்லா அலசினதா?"

தாஸிம் தன் கைகளைப் பார்த்தார். "அலசினேன்... அலசினேன் எண்டுதான் நெனக்கிறேன்."

"நெனக்கிறதா? கஞ்சியில சவுக்காரம் மணக்குது!"

தாஸிம் கைகளைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பிறகு, "அப்ப நான்தான் சரியா அலசல்ல போல. மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார்.

நான்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். மக்கீன் அதைச் சொல்லவில்லை. அடிப்பார்கள் என்று அவர் பயப்படவில்லை. சிரிப்பார்களே என்றுதான் பயந்தார். நாக்கை நீட்டிக்கொண்டு தன் கடை வாசலில் நின்ற சனமெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவரால் நினைக்கவே முடியவில்லை. தாஸிம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். மக்கீன் ஒதுங்கி வழிவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து கஞ்சி காய்ச்ச வேறு ஆள் வந்தார். சவுக்காரத் தாஸிம் என்று ஊர் பெயர் வைத்தது. பெருநாள் கழிந்து கலியாணங்கள் வந்தன. தாஸிமைக் கூப்பிட ஆள் வரவில்லை. மக்கீன் நீலக் கடதாசியைத் தூக்கி அடுப்பில் போட்டார். நெஞ்செரிந்தபோதும் சோடாவைத் தொடவில்லை, எரியட்டும் என்று விட்டார். தெருவில் தாஸிமைக் கண்டால் எல்லோரையும்விட உரக்க சலாம் சொன்னார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் தன்மீதே காறித் துப்பலாம் போலிருந்தது.

"அண்டைக்கு மடியில வெச்சிட்டுப் போன சோடாப் பக்கட் எங்க?" என்று மஸீனா ஒருநாள் கேட்டாள். வித்துட்டேன் என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தாஸிமின் மனைவி சகீனா வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"மக்கீன் நானா, வேற யார்ட்ட கேக்கிய எண்டு தெரியல்ல. நீங்கதான் வைத்தியம் தெரிஞ்சவங்க."

"என்ன தங்கச்சி?"

"அவருக்கு என்னமோ செஞ்சிட்டு. சோத்துப் பானய கழுவுறார், கவுக்கிறார், திரும்ப எடுத்துக் கழுவுறார். நான் ஆக்கி வெச்சாலும் பானய மோந்து பாக்கிறார். 'சகீனா, நான் அலசினதா, நீ கண்டியா' எண்டு கேக்கிறார். கண்டேன் எண்டாலும் நம்புறாரில்ல. கை தோலெல்லாம் உரிஞ்சி போச்சு நானா. ஒங்கட அந்த நீலக் கடதாசிய அவர்ட நாக்கில வெச்சுப் பாருங்களேன். புளிப்புத்தான் கூடி ஈக்குதோ தெரியா. ஏதாவது சோடா கீடா தாங்களேன்."

மக்கீன் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தப் பெண் தன் புருஷனைக் கெடுத்ததையே மருந்தாகக் கேட்டு, கெடுத்தவனிடமே வந்து நிற்கிறாள். வெட்கம் உச்சந்தலைவரை சுட்டது. "நீங்க போங்க தங்கச்சி, நான் ஊட்டுக்கு வாரேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவள் போனதும் கடையைப் பூட்டினார்.

தாஸிம் கிணற்றடியில் பானையோடு உட்கார்ந்திருந்தார். மக்கீன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மடியில் வைத்திருந்த பக்கட், கவிழ்த்தது, நுரைத்தது, வாய்மூடி நின்றது, ஒன்றையும் விடவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கைகளைத் தொங்கவிட்டு நின்றார்.

தாஸிம் அடிக்கவில்லை. பானையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் அலசித்தான் ஈந்தேனா?"

"ஓ, தாஸிம். நீங்க நல்லா அலசித்தான் ஈந்தீங்க."

"நல்லாத்தானா?" என்று இன்னொரு தரம் கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கு நெனவுல ஈந்தது நானா. அலசின தண்ணி வாழ மரத்தடிக்கு ஓடினதுகூட நெனவுல ஈந்தது. எல்லாரும் சென்னதால என்ட நெனவத்தான் பொய்யாக்கிட்டேன்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இத பள்ளியில செல்லுவீங்களா?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மக்கீன் எழுந்து மத்திச்சத்தின் பக்கத்தில் போய் நின்றார். "அண்டைக்குக் கஞ்சியில அப்பச் சோடா போட்டது நான். தாஸிம் கிடாரத்த ஒழுங்காத்தான் கழுவி ஈந்தார். அவர குத்தம் செல்லக்குள்ள நான் பாத்துக்கிட்டு நிண்டேன்" என்றார். பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், அன்று அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வெடித்தது. லெப்பைகூடத் தாடியைப் பொத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பு ஓயும்வரை மக்கீன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சோடா மக்கீன் என்ற பெயர் இரண்டாம் தடவை கிடைத்தது அப்போதுதான்.

ஊருக்கு அத்தோடு விஷயம் முடிந்தது. மத்திச்சம் தாஸிமின் வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டார். அடுத்த நோன்பு டிசம்பர்க் கடைசியில் வந்தபோது கிடாரம் மறுபடி தாஸிமின் கைக்கு வந்தது. வாளியோடு வருகிறவர்களும் வந்தார்கள்.

முதல் நாள் மத்தியானம் மக்கீன் கடையிலிருந்து பார்த்தார். எதிரே தாஸிம் கிடாரத்தைச் சரித்து வைத்து அலசினார். கவிழ்த்தார். நிமிர்த்தி மறுபடி தண்ணீர் ஊற்றினார். அரிசி ஊறிக் காத்திருந்தது, விறகு காத்திருந்தது, அவர் இன்னும் அலசிக்கொண்டே இருந்தார். பிறகு தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார்:

"மக்கீன் நானா, ஒருக்கா வந்து பாருங்களேன். சோடா வாசம் ஏதும் ஈக்குதா?"

மக்கீன் தெருவைக் கடந்து போனார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, கிடாரத்துக்குள் தலையை விட்டு முகர்ந்தார். ஈயமும் கிணற்றுத் தண்ணீரும்தான் மணத்தன.

"இல்ல தாஸிம். சுத்தமா ஈக்குது."

"நல்லாத்தானா?"

"நல்லாத்தான்."

தாஸிம் தலையை ஆட்டினார். குனிந்து வாளியை எடுத்து, இன்னும் ஒரு தண்ணீர் ஊற்றினார்.