இருபது கவாத்து கண்ட நிலா

மதினி என் கடைக் கண்ணாடி மேசைமேல் மூன்று நீள நோட்டுகளை வைத்த அந்தக் காலை எனக்கு மறக்காது. வண்டிப்பெரியாரில் அடைமழை. கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்து நோட்டுகளைச் சுற்றியிருந்தார். அவர் தெப்பமாக நனைந்து நின்றார். தேயிலைக்காட்டில் முப்பது வருஷமாக வேலை பார்க்கும் என் அண்ணன் மனைவி விண்வெளி நாவல் எழுதியிருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? தட்டச்சு செய்து பிழைக்கிற நானே சிரித்தேன்.

அடிக்க அடிக்கச் சிரிப்பு போய்விட்டது. கப்பல் பழுதாகி வேறொரு கிரகத்தின் நிலாவில் சிக்கிக்கொண்ட இருநூறு பேரின் கதை அது. இறங்கியதும் அவர்கள் எங்கள் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு மாதிரியே வரிசையாகப் பத்து அறை வைத்து லயம் கட்டுகிறார்கள். காலையில் சங்கு ஊதிப் பெயர் கூப்பிடுகிறார்கள். ஏதோ ஒரு செடியை நட்டு, நாலைந்து வருஷத்துக்கொரு தரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். அந்தக் கவாத்தை வைத்துத்தான் அங்கே காலக்கணக்கு. இருபதாவது கவாத்தின்போது பூமியிலிருந்து மீட்புக் கப்பல் வந்து, சொந்த ஊருக்கு வாருங்கள் என்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளில் ஒருவர்கூட ஏறவில்லை.

நகரத்துப் பதிப்பாளர் ஒருவருக்குக் கதை பிடித்தது, முடிவு பிடிக்கவில்லை. எல்லோரும் பூமிக்குத் திரும்பினால் போடுகிறேன் என்றார். புத்தகமாகப் பார்க்கிற ஆசை என் கண்ணை மறைத்தது. மதினியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடைசி அத்தியாயத்தை நானே மாற்றினேன். அத்தனை பேரும் ஆனந்தக் கண்ணீரோடு கப்பலேறிப் போனார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அச்சுப்படி வந்த அதே மாதம் மதினி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அண்ணன் முன்பே இறந்துவிட்டதால் லயத்து வீடு மதினியின் வேலையை வைத்துத்தான் இருந்தது. வேலை முடிந்தால் வீடும் போயிற்று என்பது எஸ்டேட் வழக்கம். ஒரு மாதத்தில் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போகும்படி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தோடு கடைக்கு வந்தவர், நின்றபடியே அச்சுப்படியின் கடைசிப் பக்கங்களைப் படித்தார்.

“எங்க தாத்தா காடு வெட்டுனது இங்க. எங்கம்மாவப் பொதைச்சது இங்க. சொந்த ஊருன்னா எந்த ஊருப்பா? ஆபீஸ்காரன் ஏத்திவிடப் பாக்குறான், சரி. நீயுமா?”

மதினி அங்கிருந்தே பதிப்பாளருக்குப் போன் போட்டு, புத்தகம் வேண்டாம் என்றார். பழைய முடிவோடு எவரும் போடமாட்டார்கள் என்று பதிப்பாளர் மிரட்டிப் பார்த்தார். போடாட்டிப் போகுது என்று மதினி வைத்துவிட்டார்.

பழைய முடிவை அன்றைக்கே திரும்ப அடித்து, கைக்காசில் அறுபது படி எடுத்தேன். கதை லயம் லயமாகப் போயிற்று. எழுத்துத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டினார்கள். காலி செய்ய வேண்டிய நாளன்று எஸ்டேட் ஆபீஸுக்கு நானும் கூடப் போனேன். மதினி சாவிக்குப் பதிலாக அந்தக் கடைசி அத்தியாயத்தை மானேஜர் மேசையில் வைத்தார். அடியில் லயத்துப் பெண்கள் அத்தனை பேரின் கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன. மானேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு, இது வெறும் கதைதானே என்றார்.

“கதைதான் சார். நாங்க கப்பல் ஏறல.”

வீட்டைக் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் போட்ட கேஸ் நடக்கிறது. மதினி அந்த வீட்டில்தான் இருக்கிறார்.