நோன்பு திறக்க ஓடிய வண்டி

அது ரமலான் மாதம். கிணத்துக்கடவில் துணி விற்றுவிட்டு, ஒற்றை மாட்டு வண்டியில் கோயம்புத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் பள்ளிவாசல் கஞ்சிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மாட்டை விரட்டினேன்.

ஒரு தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அதைக் கண்டதும் மாடு சாலையை விட்டுப் பாய்ந்தது. சக்கரம் வாய்க்காலில் இறங்கி வண்டி சாய்ந்தது. அங்கே புல்லறுத்துக்கொண்டிருந்த அம்மாள் மயிரிழையில் தப்பினார்.

மாட்டை அடிக்கச் சாட்டையை ஓங்கினேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஏனுங்க, இது எப்பத் தண்ணி குடிச்சுதுங்க?"

"நோம்புங்க. காலையிலிருந்து எங்கயும் நிறுத்தலீங்க."

"நோம்பு உங்களுக்குத்தானுங்க. மாட்டுக்கு எதுக்குங்க?"

ஓங்கிய சாட்டையைக் கீழே போட்டேன். நான் குடிக்கப்போவதில்லை என்பதால், வழியிலிருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியும் என் கண்ணில் படவில்லை. என் தாகத்தை இறைவன் அறிவான் என்று பெருமைப்பட்டவன் நான். என் மாட்டின் தாகம் எனக்கே தெரியவில்லை.

வண்டியை நிமிர்த்த அவரும் கைகொடுத்தார். மாட்டை அவிழ்த்து வாய்க்காலில் தண்ணீர் குடிக்க விட்டேன். பொழுது இறங்கியதும் சொம்பில் தண்ணீர் நீட்டினார். மாடு வாய்க்காலிலிருந்து தலையைத் தூக்கும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.