பெருந்துறைக்குள் போகாத வண்டி

எத்தனை இருக்கை காலியாக இருந்தாலும் சித்திகா பின்சக்கரத்துக்கு மேலே உள்ளதில்தான் உட்காருவார். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போடும்போது மற்றவர்கள் டிரைவரைத் திட்டுவார்கள். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இந்தத் தூக்கிப்போடுறதுதானுங்க என்ற ஆராய்ச்சியே!”

கோவை கோட்டைமேட்டுக்காரர். பெருந்துறையில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியை. தானாக ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை நடுநடுவே திடீரென்று எத்திவிட்டால் ஆட்டம் நிற்குமா, தொடருமா? நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது. பிடிகொடுக்காத சமன்பாட்டை, ஆட்டம் தெரிந்த இன்னொன்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். வீட்டிலும் அதே புத்திதான். “பெரியவன் ஜாவித்துக்குப் பசிச்சா, சின்னவ அஃப்ராவுக்கு அதுக்கு முன்னாடியே பசிச்சிருக்குமுங்க. அவளத் தனியாக் கேக்க வேண்டியதில்லைங்க.”

ஆறு வாரமாக அந்தச் சிரிப்பைக் காணோம். அவருடைய கட்டுரையைப் பரிசீலித்த நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஆடும்போது சமன்பாட்டின் தீர்வு நேர்மறையிலிருந்து எதிர்மறைக்குப் போகிறது என்கிறீர்களே, நடுவில் பூஜ்ஜியம் எங்கே? திங்கட்கிழமைக்குள் பதில் போகாவிட்டால் கட்டுரை தள்ளுபடி. கட்டுரை இல்லாமல் பட்டம் இல்லை. பட்டத்துக்கான பதிவுக்காலமும் இந்த மாதத்தோடு முடிகிறது. சித்திகா அந்தப் பூஜ்ஜியத்தைத் தேடு தேடென்று தேடினார்.

வெள்ளிக்கிழமை காலை காந்திபுரத்தில் அதே நினைப்பில் ஈரோட்டு வண்டியை விட்டுவிட்டு சேலம் வண்டியில் ஏறிவிட்டார். பாதி வழியில்தான் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். பெருந்துறைக்கு ஒன்று கேட்டார் சித்திகா.

“ஏனுங்க அம்மணி, இது பெருந்துறைக்குள்ள போகாதுங்க. பைபாஸ்ல ஏறி அந்தப் பக்கம் போயிருமுங்க.”

“ஊரத் தொடாமயேவா?”

“தொடாமயேதானுங்க.”

சித்திகா எழுந்தே விட்டார். “தாண்டிப்போட்டுதுங்க! பூஜ்ஜியத்தத் தொடாமயே தாண்டிப்போட்டுதுங்க!”

எத்திய வேகத்தில் தீர்வு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே தாவாகத் தாவியிருக்கிறது. இல்லாத பூஜ்ஜியத்தை ஆறு வாரம் தேடியிருக்கிறார்! ஆட்டம் தொடர்கிறதா என்று பார்க்க எண்ண வேண்டியது பூஜ்ஜியங்களை அல்ல, பக்கம் மாறிய தடவைகளை. அடடா, அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மிரண்டுபோன கண்டக்டர் பைபாஸ் முடிந்ததும் விசில் ஊதி அவரை இறக்கிவிட்டார்.

முதல் வகுப்புக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. சித்திகா சாலையைக் கடந்து, நிழற்குடையில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். சற்று நேரத்தில் எதிர்த்திசை வண்டி ஒன்று வந்து நின்றது.

“பெருந்துறை, பெருந்துறை! ஏறுங்க!”

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலக்கை எழுதிக்கொண்டே இருக்க, இடக்கையை உயர்த்திப் போகச் சொல்லி ஆட்டினார்.