ஆஷாடமும் ஆடியும் விழுங்கிய இடம்

சந்தியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடையாது. ஆந்திர எல்லையில் சத்தியவேட்டைச் சுற்றியுள்ள ஏதாவது ஓர் ஊருக்கு ஸ்கூட்டியில் போய், பால் சங்கத்து வாசலில் ஒரு மரப்பலகையைச் சாய்த்து வைப்பாள். பலகையில் ஒரு சின்ன மோட்டாரும் இரண்டு பொத்தான்களும் இருக்கும். பச்சையை அழுத்தினால் மோட்டார் ஓடும். அப்புறம் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டுச் சொல்வாள்:

"இப்ப ஓடல. இத்த ஓட வெக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் கம்பெனியில நிரந்தர வேல. ஐ.டி.ஐ.ல ரெண்டு வருஷம் படிச்சா வந்துடும்."

"பெயிலாப் போனவனுங்க படிக்கிறதாச்சே அது" என்பார் ஒருவர்.

"பாஸானவங்கள நீங்க எங்க அனுப்பினீங்க? எங்கண்ணன் மவன் பி.டெக். எங்க கம்பெனியில அட்டப்பெட்டி ஒட்டிக்கினு கீறான்."

"பொம்பளப் புள்ள ஸ்பேனர் புடிச்சா எவன் கட்டுவான்?"

"என்ன ஒருத்தர் கட்டிக்கினாரே. வூட்ல பேன் நின்னா பயந்துக்கினு என்னத்தான் கூப்புடுவாரு."

சிரிப்பார்கள். நோட்டீஸை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

அவள் படித்த கதை வேறு. அப்பா ஏகாம்பரத்துக்கு அன்று நிலம் இல்லை. சென்னையில் கட்டட வேலைக்குப் போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஐ.டி.ஐ. கடிதம் வந்த வாரம் அவர் ஊரில் இல்லை. சந்தியா தனியாகத் திருப்பதிக்குப் பஸ் ஏறி எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தாள். ராகு காலமா, எமகண்டமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. குடிசைக்கு நாள் குறித்துக் கொடுக்க எந்தப் புரோகிதரும், எந்தப் பந்துலுவும் வந்ததில்லை. அதனால்தான் தப்பித்தாள். அம்பத்தூரில் எட்டு வருடம் வேலை பார்த்தாள். ஊர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வந்ததும் திரும்பி வந்து, ஒரு கம்பெனியின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தாள்.

பிறகு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வந்தது, தளம் போட்ட வீடு வந்தது. கூடவே பஞ்சாங்கமும் வந்தது. நேற்றுவரை இவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய கூட்டம் எதையெல்லாம் கும்பிட்டதோ, அதையெல்லாம் கும்பிடுவதே கௌரவம் என்று அண்ணன் கிருஷ்ணப்பா நம்பினார். அதிலும் இரட்டைப் பூட்டு. பந்துலு தெலுங்குக்காரர் என்பதால் தெலுங்கு மாதமான ஆஷாடத்தில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது. வீட்டில் தமிழ் என்பதால் ஆடியிலும் கூடாது. ஒன்று முடியுமுன் மற்றது தொடங்கிவிடும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை கதவு சாத்தியிருக்கும். ஐ.டி.ஐ. சேர்க்கை நடப்பதோ சரியாக அந்த ஐம்பது நாளில்.

2017இல் கிருஷ்ணப்பாவின் மகள் பிரியங்கா இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்தாள். பதினெட்டு வயது. எலக்ட்ரீசியன்தான் படிப்பேன் என்று அவளே விண்ணப்பம் போட்டாள். ஜூலை முதல் வாரம் கவுன்சிலிங்குக்கு அழைப்பு வந்தது. "ஆஷாடம்" என்று சொல்லி, அசல் சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினார் கிருஷ்ணப்பா. இரண்டாவது, கடைசி அழைப்பு ஆகஸ்ட் பத்து.

ஜூலை கடைசியில் ஒருநாள் கன்வேயர் நின்றுவிட்டது என்று சந்தியாவைக் கூப்பிட்டார்கள். போனாள். வரிசையில் நீலத் தொப்பி போட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவள் பிரியங்கா.

"எப்பலேர்ந்துடி?"

"பத்து நாளா அத்த. சும்மா குந்திக்கினு கீறதுக்கு காண்ட்ராக்ட் வேன்ல கூலிக்குப் போன்னாரு நைனா."

அன்று மாலை ஷிப்ட் முடிந்ததும் சந்தியா உடுப்பைக்கூட மாற்றாமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, வேன் ஏத்தி வுட்டியே, அதுக்கு நாள் பாத்தியா?"

"அது கூலி வேல. அதுக்கு இன்னா நாளு?"

"அப்ப ஆடியில கூலிக்குப் போலாம். படிக்கத்தான் போவக் கூடாது?"

"உனுக்குத் தெரியாது சந்தியா. பெரியவன் பவனை பி.டெக்.ல நல்ல நாள் பாக்காம சேத்தேன். இப்ப பாரு, பொட்டி ஒட்டறான்."

"பொட்டி ஒட்றது நாளால இல்லண்ணா. நாலு வருஷத்துல ஒரு ஸ்குரூவக்கூடத் தொடாத காலேஜு அது. பத்தாந்தேதி போவலன்னா சீட்டு போயிடும்."

அண்ணி லட்சுமம்மா தட்டில் சோறு போட்டு நீட்டினாள். "துன்னுட்டுச் சண்ட போடு."

"ஆவணி ஒண்ணாந்தேதி நானே கூட்டிக்கினு போறேன்" என்றார் கிருஷ்ணப்பா. "ஏழு நாள்தான் வித்தியாசம். மனுசங்கதானே, சொன்னாக் கேப்பாங்க."

இந்தத் தவறைச் செய்ய ஒரு நம்பிக்கை வேண்டும்: பஞ்சாங்கம் அசையாது, அரசாங்கம் அசையும் என்ற நம்பிக்கை. அந்த ஐம்பது நாளும் உலகம் ஒன்றும் காத்திருக்கவில்லை. ஒப்பந்தக்காரனின் வேன் ஆஷாடத்திலும் வந்தது, ஆடி அமாவாசையன்றும் வந்தது. மலிவான கைகளை அள்ளிக்கொண்டு போக அவன் யாரிடமும் நாள் கேட்டதில்லை. பெண்ணின் உழைப்பை விற்க எந்த நேரமும் நல்ல நேரம். அவள் மூளையைத் திறக்க மட்டும் கிரகங்கள் ஒன்றுகூடிச் சம்மதிக்க வேண்டும். இதைப் பக்தி என்கிறார்கள். இதற்கு அடிமைத்தனம் என்று பெயர்.

ஆவணி முதல் தேதி கிருஷ்ணப்பா வெள்ளை வேட்டி கட்டினார். பிரியங்காவுக்குப் பூ வைத்துவிட்டார்கள். திருப்பதியில் இறங்கி, தேங்காய் உடைத்துவிட்டு ஐ.டி.ஐ.க்குப் போனார்கள். சந்தியா லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள்.

குமாஸ்தா பட்டியலைப் பார்த்தார். "பேரு இருக்குது. பத்தாந்தேதி ஏன் வரல? எலக்ட்ரீசியன், பிட்டர் எல்லாம் நெறஞ்சிடுச்சி."

"ஆடி மாசம் சார்."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இன்னிக்கு நாலாவது ஆளு."

கிருஷ்ணப்பா யாரையாவது பார்த்துப் பேசலாமா என்று கேட்டார். முடியாது என்றார் குமாஸ்தா. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். மகளின் முகத்தைப் பார்க்காமல் கிருஷ்ணப்பா மெதுவாகச் சொன்னார்:

"வுடும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமும் ஆடி வரும் நைனா" என்றாள் பிரியங்கா.