ஆறெழுத்துக் கத்திரி

போன வாரம் இந்த இடத்தில் என் பத்திக்குப் பதிலாக ஒரு சோப்பு விளம்பரம் இருந்தது. பார்த்திருப்பீர்கள். விளம்பரம் நன்றாக இருந்ததாக வாசகர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். சந்தோஷம்.

எழுத முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு கவருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலையில் புதூர் என்ற ஊரில் நான் போஸ்ட்மாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் கடிதம் பிரித்துக் கொடுக்கிறவன், தனக்கு வரவேண்டிய ஒரே ஒரு கடிதத்துக்காக இருபத்து மூன்று நாள் தவித்தான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

என் மகன் குமாருக்கு ஐந்து வயது. தாலசீமியா. உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது. மாதம் ஒரு முறை மலையிறங்கி, வேலூர் போய், முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஏற்றினால் மூன்று வாரம் ஓடியாடுவான். நாலாவது வாரம் உதடு வெளுத்துப்போய் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவான். எனக்கும் என் மனைவி சரசுவுக்கும் நோய் கிடையாது. ஆனால் அதற்கான பிசகு ஆளுக்குப் பாதி எங்களிடம் இருக்கிறது. இரண்டு பாதியும் ஒரு குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால், குமார்.

இரண்டு மாதத்துக்கு முன் செல்வி பிறந்தாள். நல்ல எடை, நல்ல அழுகை. அவளுக்கும் இருக்குமா?

எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்விதான். சாதாரண ரத்தப் பரிசோதனை ஆறு மாதம் வரை தெளிவாகச் சொல்லாதாம். பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏவையே வெட்டிப் பார்க்கிறார்கள், அனுப்பலாமா என்று வேலூரில் டாக்டரம்மா கேட்டார். அனுப்புங்கள் என்றோம். எதைக் கொண்டு வெட்டுவார்கள் என்று கேட்டது என் தப்பு.

என்சைமாம். பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. உள்ளே புகுந்த வைரஸின் டிஎன்ஏவைத் துண்டு போட பாக்டீரியா வைத்திருக்கிற கத்திரி. டிஎன்ஏ என்பது நாலே எழுத்துகள் மாறி மாறி, கோடிக்கணக்கில் நீளுகிற சங்கதி. அதில் ஒரு குறிப்பிட்ட ஆறெழுத்து எங்கே வரிசையாக வருகிறதோ, அங்கே மட்டும் இந்தக் கத்திரி வெட்டும். எங்கள் குடும்பத்துப் பிசகு ஒரே ஓர் எழுத்து. அது சரியாக அப்படியோர் ஆறெழுத்துக்குள் விழுந்திருக்கிறது. பிசகில்லாத டிஎன்ஏ என்றால் அந்த இடத்தில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாகும். பிசகியது என்றால் கத்திரி தொடாது... ஒரே நீளத் துண்டாக நிற்கும்.

ஆறு என்றதும் என் புத்தி எங்கே போயிருக்கும்? பின்கோடு! ஆறு எண். அது வந்த நாளிலிருந்து அதோடு மல்லுக்கட்டுகிறவன் நான். ஐந்து எண் சரி, ஒன்று தப்பு — அப்படிப்பட்ட கவர்கள் எந்தெந்த ஊரைச் சுற்றிவிட்டு வருகின்றன என்று எனக்குத்தான் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற மனிதர்களே தடுமாறுகிறோம். கண்ணும் இல்லாத, மூளையும் இல்லாத ஒரு சொட்டுத் திரவமா என் மகளின் விலாசத்தைச் சரியாகப் படிக்கப் போகிறது?

கேட்டே விட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நல்ல மனுஷி.

“அது படிக்கிறதில்ல சார். தடவிப் பாக்குது” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். டிஎன்ஏ முறுக்கிய ஏணி மாதிரி, இரண்டு இழை. கத்திரியும் ஒரே மாதிரி இரண்டு பாதி சேர்ந்தது. அந்த ஆறெழுத்தும், ஓர் இழையில் இந்த முனையிலிருந்து பார்த்தாலும் எதிர் இழையில் அந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒரே வரிசையாக இருக்கும். அதனால் இரண்டு பாதியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்ளலாம். முதலில் லேசாகத்தான் பிடிக்கும். ஏணியின் பள்ளத்துக்குள் தடவிக்கொண்டே நகரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மேடு பள்ளம் உண்டு. ஆறும் சரியாகப் பொருந்தினால்தான் கத்திரியின் உருவமே இறுகும், டிஎன்ஏவும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வெட்டுகிற பகுதி இழைக்கு நேராக வந்து நிற்கும். ஒன்று பொருந்தாவிட்டாலும் இறுக்கம் வராது. விட்டுவிட்டு நகர்ந்துவிடும்.

சரி, பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏவிலும் அதே ஆறெழுத்து இருக்குமே, தன்னையே வெட்டிக்கொள்ளாதா? அந்த இடங்களில் எல்லாம் அது முன்கூட்டியே ஒரு சின்ன அடையாளம் ஒட்டி வைத்துவிடுமாம். அடையாளம் இருந்தால் கத்திரி தொடாது. தினமும் முத்திரை குத்துகிறவனுக்கு இது உடனே பிடித்துப்போனது. கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

அப்போது பார்த்து, “உப்பு, சூடு எல்லாம் சரியா இருக்கணும். இல்லன்னா தப்பான எடத்துலயும் வெட்டும்” என்று ஒரு வார்த்தை சேர்த்தார். வந்த தைரியம் போயே போய்விட்டது. அதைச் சரிபார்க்கத்தான் எங்கள் இருவர் ரத்தமும் சேர்ந்து போகிறது என்றார். எங்களிடம் பாதி நல்லது, பாதி பிசகு. பாதி வெட்டுப்பட்டு, பாதி வெட்டுப்படாமல் வரவேண்டும். அப்படி வந்தால் கத்திரி ஒழுங்காக வேலை செய்கிறது, குழந்தையின் முடிவையும் நம்பலாம்.

முடிவு நேராக வீட்டுக்கு வர, சுயவிலாசமிட்ட கவர் ஒன்று கேட்டார்கள். ஒரு தோளில் குமார் தூங்குகிறான். ஊசி குத்திய செல்வி வீறிடுகிறாள். நான் எழுதினேன் — பெயர், புதூர், தமிழ்நாடு, பின்கோடு. ஜில்லா எழுதவில்லை. பின்கோடு இருக்க ஜில்லா எதற்கு? கவுன்டரில் வருகிறவர்களிடம் நான் தினமும் அடிக்கிற வசனம் அது.

பத்து நாளில் வரும் என்றார்கள். பத்து போனது, பதினைந்து போனது. தினமும் பதினொரு மணிக்கு ஆலங்காயம் பஸ்ஸில் தபால் பை வரும். அண்ணாமலை அதைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். எங்கள் ஆபீஸின் தபால்காரர், மலைக்காரர், அதிகம் பேசமாட்டார். பையை நானே பிடுங்கி, நானே அரக்கு உடைத்து, மேஜையில் கொட்டித் தேடுவேன். சாமை அறுக்கிற நேரம், ஊரே கொல்லைக்காட்டில் இருந்தது. என் கோபத்தை வாங்கிக்கொள்ள ஆள் குறைவு. பின்கோடு எழுதாமல் கவர் கொண்டு வந்த ஓர் அம்மாளிடம் எரிந்து விழுந்து, கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த அம்மாள் போனபிறகு அண்ணாமலை நிதானமாகச் சொன்னார்: “சார், அந்தம்மா இன்னா பண்ணும்? ஒங்க கடுதாசி வரலன்னா, அது மேல ஏன் பாயிறீங்க?”

காலிப் பையை இன்னொரு முறை உதறிப் பார்த்தேன். ராத்திரி பகல் என்றில்லாமல் எனக்குள் ஓடியது ஒன்றுதான். உப்பு தப்பியிருக்கும். கத்திரி தப்பியிருக்கும். எங்கள் மூவர் ரத்தமும் யாரோ மூவர் ரத்தத்தோடு மாறியிருக்கும். செல்வியின் உதட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தேன். வெளுப்பா, சிவப்பா? ஜன்னலோரம் ஒரு நிறம், அடுப்பங்கரையில் ஒரு நிறம்.

இருபதாவது நாள் சரசு கேட்டாள்: “கவருல எழுதறப்ப நம்பர சரியா போட்டீங்களா?”

வந்ததே கோபம் எனக்கு! பம்பாய்க்காரனைச் சந்தேகப்படு, ரயிலைச் சந்தேகப்படு, பாக்டீரியாவைக்கூடச் சந்தேகப்படு. பதினாறு வருஷம் போஸ்ட்மாஸ்டராக இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் கவர் வந்தது. என் கையெழுத்தேதான். முன்பக்கம் ஓர் எண் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. இரண்டாவது எண். மூன்று இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு.

நான் போட்ட இரண்டு.

தமிழ்நாட்டில் புதூருக்கா பஞ்சம்? கவர் எங்கோ தெற்கே ஒரு புதூருக்குப் போயிருக்கிறது. பின்பக்கத்தில் அதே சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘இப்பெயரில் இங்கு எவரும் இல்லை. இவர் ஜவ்வாது மலைப் புதூர் போஸ்ட்மாஸ்டர். இவர் பத்தியை வாராவாரம் படிக்கிறேன். அங்கே அனுப்பவும்.’ கீழே கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து.

பிரிக்கக் கை வரவில்லை. ஆபீஸை அண்ணாமலையிடம் விட்டுவிட்டு, பின்கட்டில் இருக்கிற வீட்டுக்குப் போய் சரசுவிடம் நீட்டினேன். அவள் பிரித்து, இங்கிலீஷைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். மூன்று வரி. அப்பா — பாதி வெட்டுப்பட்டது, பாதி இல்லை. அம்மா — அதேபோல. குழந்தை... அதேபோல.

“அப்டின்னா இன்னா?” என்றாள்.

“நம்மள மாதிரிதான். நோய் இல்ல.”

இரண்டு பேரும் அழுதோம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? குமார் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு அவனும் அழுதான். வருகிற திங்கட்கிழமை அவனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். அதில் மாற்றம் ஒன்றுமில்லை. செல்வி பெரியவளாகும்போது அவளிடமும் அந்தப் பாதியைப் பற்றி உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

சரசு முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு கவரைத் திருப்பினாள். சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மறுநாள் அந்த அம்மாளின் வீட்டுக்கு நானே நடந்துபோய்க் கவரை வாங்கி, நானே பின்கோடு எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்து.

கத்திரிக்கு ஆறும் பொருந்த வேண்டும். ஐந்து பொருந்தினால் அது இரக்கப்படாது. படவும் கூடாது, அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் இன்று எல்லோரும் தூங்குகிறோம். ஆனால் என் கவர் வீடு வந்து சேர்ந்தது, ஐந்தே போதும் என்று நினைத்த ஒரு மனிதரால்.

ஐயா, உங்கள் கையெழுத்து எனக்குப் புரியவில்லை. பெயரை எழுதி ஒரு கார்டு போடுங்கள்... பின்கோடு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நான் தேடிக்கொள்கிறேன்.