பந்தயக் குதிரையின் இடது முன்னங்கால்

அந்தக் குதிரை சென்னையிலிருந்து லாரியில் உத்தமபாளையம் வந்து இறங்கியபோது அதற்கு நான்கு வயது. உயர் ஜாதிப் பெட்டை. ரேஸ் கோர்ஸில் ஆறு முறை முதலில் வந்ததாம். வாங்கியவர் திராட்சை வியாபாரி. எங்கள் பக்கம் ரோட்டில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களில் அவருக்குப் பைத்தியம். நான் அந்த ஊர் கால்நடை மருத்துவர். மாடு, ஆடு பார்த்தே முப்பது வருடம் போய்விட்டது. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகிற வழியில் வியாபாரி கூப்பிட்டுக் காட்டினார்.

இடது முன்னங்காலைத் தடவியதுமே தெரிந்தது. பின்பக்கத் தசைநார் தடித்திருந்தது. இதற்காகத்தான் அங்கே விற்றிருக்கிறார்கள்.

“ஓட்டலாம். ஆனா அடிக்கடி கூடாது. ஒரு பந்தயம் முடிஞ்சா ரெண்டு மாசம் ஓய்வு வேணும்” என்றேன்.

“நீங்க சொல்றபடியே செய்றேன், டாக்டரம்மா” என்றார்.

முதல் வருடம் அவள் ஓடிய இடமெல்லாம் ஜெயித்தாள். வடுகபட்டி, சின்னமனூர், கம்பம். மற்ற வண்டிகள் எல்லைக் கொடியைத் தொட்டுத் திரும்புவதற்குள் இவள் பாதி தூரம் திரும்பி வந்திருப்பாள். பஸ் ஸ்டாண்டில் அவள் படம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மறுநாள் நான் போவேன். கால் சுடும். மீன்கடை ஐஸை நொறுக்கிச் சாக்கில் கட்டி ஒற்றச் சொல்வேன். இரண்டு மாதம் என்று மறுபடியும் சொல்வேன். மூன்றாவது வாரம் அடுத்த பந்தயத்தின் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வியாபாரியின் மனைவிதான் அவளுக்குத் தீனி வைப்பவர். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நான் சொன்னா இவுக கேக்க மாட்டாக. நீங்க கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க” என்றார். சரி என்றேன். அழுத்திச் சொல்லவில்லை.

இரண்டாம் வருடம் சுருளிப்பட்டிப் பந்தயத்தன்று காலையில் வியாபாரியிடமிருந்து போன் வந்தது. போனேன். குதிரை இடது முன்னங்காலை லேசாகத் தூக்கியே வைத்திருந்தது.

“வலிக்கு ஒரு ஊசி மட்டும் போடுங்க டாக்டரம்மா. இன்னைக்கு ஒரு நாள்தேன்.”

வலி தெரியாவிட்டால் அவள் காலைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டாள் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் இரண்டு மாடுகளுக்குப் பிரசவம் பார்த்த களைப்பு. நான் மறுத்தால் வேறு யாராவது போடுவார்கள் என்று நினைத்தேன். வாதாட வேண்டுமே என்கிற சலிப்பில் போட்டுவிட்டேன்.

அன்றும் அவள்தான் முதல்.

மறுநாள் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. தசைநார் கிழிந்திருந்தது. கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வியாபாரியின் மனைவி, “ஊசி போட்டது நீங்கதேனே?” என்றார்.

“ஆமாம்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வியாபாரி தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். “மறுபடி ஓடுமா?”

“நடக்கும். ஓடாது.”

கேரளாவிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். “இது எங்கனயும் போகாது. நம்ம தோப்புலயே கெடக்கட்டும்” என்று மனைவி சொல்லிவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் வியாபாரி அவர் பேச்சைக் கேட்டார்.

இப்போதும் அவள் தென்னந்தோப்பில் நொண்டி நொண்டி மேய்கிறாள். குளிர்காலத்தில் வலி கூடும், கூப்பிட்டால் போகிறேன். போன மாதம் போனபோது போடியிலிருந்து உறவுக்காரர்கள் அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். அவள் ஜெயித்த ஊர்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்ன வியாபாரி, என்னைக் காட்டி, “இந்த டாக்டரம்மாதேன் கடைசி வரைக்கும் இவளை ஓட வச்சாக” என்றார்.

அவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். குனிந்து காலைத் தடவிக்கொண்டிருந்தேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.