பதினோராவது பதிவு

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்றால் நடு ராத்திரி, மழை, கரண்ட் கட் எல்லாம் இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் 2.40-க்கு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது. ஜன்னலுக்குக் கீழே யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்ல எனக்குப் பயமில்லை, வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

என் வேலை கேட்பது. காட்டில் இருபது மரங்களில் ஒலிப்பதிவுப் பெட்டிகளைக் கட்டியிருப்பார்கள். தினமும் விடியற்காலை 5.40-லிருந்து அரை மணி நேரம் அவை தாமாகவே பதிவு செய்யும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தப் பதிவில் இருவாச்சிப் பறவை எத்தனை முறை கத்தியது என்று எண்ணிக் கணினியில் போடுவேன். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவது என் பழக்கம். "நாலு." "ரெண்டு." "பூஜ்ஜியம்." பக்கத்து மேஜையில் வரைபடம் போடுகிறவள், "என்னடி, ஏலம் விடுறியா?" என்று கிண்டலடிப்பாள். காட்டுக்குள் நான் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. அட்டைப்பூச்சி என்றாலே எனக்கு ஆகாது.

பெட்டிகளைக் கட்டுகிறவரை ஏணி அண்ணன் என்போம். எவ்வளவு உயர மரமானாலும் சரசரவென்று ஏறிவிடுவார்.

காட்டின் கிழக்குப் பக்கத்தை வெட்டிச் சாலை போடலாமா என்று முடிவு செய்ய எங்கள் அறிக்கையைக் கேட்டிருந்தார்கள். இருவாச்சிக் கூடு இருந்தால் வெட்டக் கூடாது. இல்லையென்றால் வெட்டலாம். அறிக்கை கொடுக்கவேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று மதியம் ஏணி அண்ணன் போன் செய்தார்.

"பதினாலாம் பெட்டியை அவசரப்படாம கேளும்மா. அந்த மரத்துப் பொந்துல கூடு இருக்கு. பொண் பறவை முட்டையிட உள்ள போய் வாசலைப் பூசி அடைச்சிக்கிச்சு. ஒரு கீறல்தான் விட்டிருக்கு. ஆண்தான் அது வழியா இரை குடுக்குது."

"நீங்க பார்த்ததை எழுதிக் குடுங்கண்ணே."

"நான் சொன்னா யாரும்மா நம்புவாங்க? பதிவுல இருக்கணுமாம்."

பதினாலிலிருந்து அறிக்கைக்காக எடுத்துவந்த பத்துப் பதிவுகள் இருந்தன. ஆறு மணிக்கு எனக்குப் பஸ். தங்கை வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டைக் கேட்டேன். பூச்சிச் சத்தம்தான். மீதி எட்டையும் கேட்காமலே பூஜ்ஜியம் போட்டேன். எட்டு முறையும் வாய்விட்டுச் சொன்னேன். "பரவாயில்லையே, சொன்ன நேரத்துக்கு முடிச்சிட்டீங்க" என்று மேலாளர் பாராட்டினார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது.

மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. மரங்கள் விழுந்தன. ஏணி அண்ணன் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் போனே செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பழைய பதிவுகளை அழிக்கச் சொன்னார் மேலாளர். பதினாலை மட்டும் கேட்காமல் அழிக்க மனசு வரவில்லை. ஹெட்போனை மாட்டினேன்.

மணி 2.40. மூன்றாம் பதிவு. நாலாவது நிமிடம்... யாரோ போர்வையை உதறுவது போல் 'வுஷ்... வுஷ்...' இருவாச்சியின் சிறகுச் சத்தம். அப்புறம் கரகரவென்று அதன் குரல். ஒன்று, இரண்டு, ஐந்து...

தள்ளித் தள்ளிக் கேட்டேன். நாலாம் பதிவிலும் இருந்தது. ஐந்திலும் இருந்தது. எட்டிலும் இருந்தது. ஒரே ஒரு பதிவை ஒழுங்காகக் கேட்டிருந்தால் போதும். உட்கார்ந்த இடத்திலேயே கூனிக் குறுகிப்போனேன்.

மணி 3.25. பத்தாம் பதிவு முடிந்தது.

அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. பதினொன்று.

நான் பத்துக்குத்தான் கணக்குக் கொடுத்தேன். பத்துதான் இருந்தது. நன்றாகத் தெரியும்.

அதில் இருந்தது போன மாதம் 27-ஆம் தேதி. நேரம் 5.40.

திறந்தேன். பூச்சி இல்லை. காற்று இல்லை. அடைத்த அறைக்குள் இருப்பது போல இருந்தது.

டொக்.

மரத்துக்கு உள்ளிருந்து.

டொக்... டொக்...

எழுந்து போய், கழற்றிக் கொண்டுவந்த பெட்டிகளை வைக்கும் அலமாரியைத் திறந்தேன். பதினாலாம் பெட்டி அங்கேதான் இருந்தது. அதில் பேட்டரிகூட இல்லை.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினேன்.

டொக்......... டொக்............

இடைவெளி நீண்டுகொண்டே போனது.

ஒன்பதாவது நிமிடம். நின்றது.

காத்திருந்தேன்.

ஒரு பெண் குரல். மிக அருகில். சலிப்பாக.

"பூஜ்ஜியம்."

என் குரல்.

ஏணி அண்ணனைப் போனில் பிடித்தேன்.

"பதினாலாம் பெட்டியை எப்பண்ணே கழட்டினீங்க?"

"போன மாசம் பதினெட்டாம் தேதி. மறுநாளே மரத்தைச் சாய்ச்சிட்டாங்க. ஏன்?"

சொன்னேன். கேட்காமல் போட்ட எட்டுப் பூஜ்ஜியத்தையும் சொன்னேன். அழுதேன்.

"கட்டையைக் கொண்டுபோய் மரக்கிடங்குல போட்டாங்கம்மா. எட்டு நாள் உள்ளேருந்து தட்டுற சத்தம் கேட்டிருக்கு. எலியா இருக்கும்னு வாட்ச்மேன் விட்டுட்டான். இருபத்தேழாம் தேதி காலையிலதான் நின்னுச்சாம். அப்புறம் பிளந்து பார்த்தா... தாயும் குஞ்சும்."

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"இன்னொண்ணும் சொன்னான். அந்த எட்டு நாளும் விடியக்காலையில ஒரு பொம்பளை வந்து அந்தக் கட்டை மேலயே உக்காந்திருந்தாளாம். யாரும்மா நீ, உள்ள என்ன சத்தம், உனக்குக் கேக்குதான்னு கத்திப் பார்த்திருக்கான். திரும்பவே இல்லையாம்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காதுல ஹெட்போன் மாட்டியிருந்தாளாம்."